கல்லறைக்கு ஒரு முகம்

என் மனைவியின் கல்லறையில் பதிக்க ஒரு படம் வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்த படங்கள் கணினியில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் அவள் இருக்கிறாள். ஒன்றில்கூட முகம் இல்லை.

தற்செயலாக நேர்ந்ததல்ல. நானே செய்தது.

கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். கேமராவையும் ஒரு பாடமாகவே படித்தேன். பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கப் படத்தில் ஓர் இடம் வேண்டும். அன்னவாசல் பக்கத்துப் பாறைகளானாலும் மீமிசல் கடற்கரையானாலும் பரந்து கிடக்கும். கண் நிற்க இடமிராது. அதனால் அவளைச் சிவப்புச் சேலை கட்டச் சொல்லி, தூரத்தில் நடக்கவிடுவேன். படத்தின் நடுவில் அல்ல, சற்று ஓரமாக, முதுகு காட்டி. முகம் தெரிந்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கடலைப் பார்க்காது. அந்த விதி சரியானதுதான். இன்றும் அதில் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவளோ நடக்கும்போதே, போதுமா என்று கேட்கத் திரும்பிவிடுவாள். திரும்பிய படங்களை நின்ற இடத்திலேயே அழித்துவிடுவேன்.

"திரும்பாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"அப்ப மொகத்த வீட்டுலயே வச்சுட்டு வரவா?" என்பாள். "பஸ்ஸுல நான் முன்னாடி ஏறிக்கிறேன். பழகுன முதுகுதானே, கூட்டத்துல கண்டுபிடிச்சிருவீங்க."

கடைசியாக மீமிசல் போனபோது கடல் உள்வாங்கி, கரை சேறாகக் கிடந்தது. மூன்று முறை நடக்கவைத்தேன்.

"மொழங்கால் விட மாட்டேங்குதுங்க. இங்கிட்டே நின்னுக்கிறேனே."

"நின்னா படத்துல உயிர் இருக்காது. இன்னும் ஒரே தடவ."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பாதித் தூரத்தில் திரும்பி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னதாக இருந்தாலும் முகம் தெளிவாக விழுந்திருந்தது. அழித்தேன்.

அதற்கு முந்தைய படம் ஒரு போட்டியில் பரிசு பெற்றது. பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "கடல் பிரமாதம் சார்" என்பார்கள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அதுல செவப்பா ஒரு புள்ளி தெரியுதுல்ல, அது நாந்தான்" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்போம்.

ஒரு முற்பகலில், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஆவூரில் அடக்கம் செய்தோம். கல்லறை கட்டிய கொத்தனார் சிலுவைக்குக் கீழே, படம் பதிக்க முட்டை வடிவில் ஒரு பள்ளம் விட்டிருந்தார்.

"கல்லறைத் திருநாளுக்குள்ள குடுத்துருங்க சார். சொந்தக்காரங்கல்லாம் மெழுகுவத்தி ஏத்த வருவாக, அன்னைக்கு வெறுங்குழியா இருந்தா நல்லாருக்காது."

கல்யாணப் படத்தில் இருப்பது இருபத்திரண்டு வயதுப் பெண். பேரப்பிள்ளைகளுக்கு அவளைத் தெரியாது. ஆதார் அட்டையில் இருந்ததைக் காட்டினேன். "இது யாரோ மாதிரி இருக்குப்பா" என்றாள் குவைத்திலிருந்து வந்திருந்த மகள். பிறகு கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"அம்மா எங்கப்பா?"

அழித்ததைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்துபோய்த் தன் செல்பேசியை எடுத்து வந்தாள். தாயும் மகளும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது திரையிலிருந்து மகள் பிடித்துவைத்த படம் ஒன்று அதில் இருந்தது. நெற்றி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கிறது, தலைக்கு மேலே குக்கர் மூடி தொங்குகிறது. மாணவன் யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அதில் என் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிறாள். பின்னால், ஜன்னலோரம், நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

புதுக்கோட்டை ஸ்டுடியோக்காரர், "பின்னாடி மங்கலா நிக்கிறவர எடுத்துரலாங்களா?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

"எடுத்துருங்க" என்றேன்.

திருநாள் முடிந்து மகளும் போய்விட்டாள். வாரம் ஒருமுறை பஸ் ஏறி ஆவூர் போகிறேன். கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் நான் மட்டும்தான் இருப்பேன். கண் நேராக அந்த முகத்தில்தான் போய் நிற்கிறது. அவள் பார்ப்பது என்னையல்ல, செல்பேசிக்குள் இருந்த மகளை. என்னைப் பார்த்த படங்களையெல்லாம் நான்தான் அழித்துவிட்டேன்.