ஆட்டுத் தரகருக்கு அரை பிளேட் பிரியாணி

எடை குறைக்க யோசனை சொல்லும் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. வருகிறவர் இளைத்தால்தான் கடை கொழுக்கும்.

மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, என் நாற்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை பிடித்து உட்கார்ந்தேன். பாதிப் படிப்பு தமிழில், மீதி இங்கிலீஷில். இரண்டு பாஷையிலும் நான் சொல்வது ஒன்றைத்தான்: பிடித்ததை அடியோடு நிறுத்த வேண்டாம், வாரம் ஒரு தடவை, அன்றைய கலோரிக்குள் அடங்குகிற மாதிரி அளவோடு சாப்பிடுங்கள். அடியோடு நிறுத்தியவர்கள் ஒரு நாள் அடியோடு பாய்ந்துவிடுவார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது மட்டும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் என் இனத்தாரே, இதை ஓர் ஆட்டுத் தரகரிடம் சொல்லப்போய் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

துண்டும் கையும்

செல்லையா அண்ணன் அய்யலூர் சந்தையில் தரகு பார்ப்பவர். மனைவி பாக்கியத்தோடு வந்தார். அண்ணனுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர், "வயித்துல இம்புட்டுக் கொழுப்பை வச்சுக்கிட்டுத் தச்சா தையல் நிக்காது, எட்டு கிலோ கொறைச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சந்தையில் தரகர் என்றால் ஆட்டை இடுப்போடு பிடித்துத் தூக்கிப் பார்த்து, கறி எவ்வளவு தேறும் என்று சொல்ல வேண்டும். இவரோ ஆபரேஷன் முடியும்வரை எதையும் தூக்கக் கூடாது. தூக்க முடியாத தரகர் என்று பேர் பரவினால் அப்புறம் யாரும் அவரிடம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வர மாட்டார்கள். "கொஞ்ச நாளைக்குத் தோட்டத்தைப் பாக்கறேன்" என்று சந்தையில் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார். கூடப் பிறந்த தங்கச்சிக்குக்கூட விஷயம் தெரியாது.

காலையில் இத்தனை இட்லி, மத்தியானம் இவ்வளவு சோறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை பிளேட் பிரியாணி, அன்றைக்கு ராத்திரி மோரும் காய்கறியும் மட்டும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையை மூடி மேஜைக்குக் குறுக்கே என்னிடம் நீட்டினார். சட்டென்று எதிரில் இருப்பது பெண்பிள்ளை என்று ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் வேலை பார்க்கும் ஜெனிபர், தாடிக்கொம்புப் பெண், காதருகே குனிந்து, "துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சு வெல பேசுவாங்க மேடம், அந்தப் பழக்கம்" என்றாள். "பேரமெல்லாம் இல்லைண்ணே, அரை பிளேட்தான்" என்றேன் அவரிடம். சந்தைக்குப் புதிதாய் வந்த ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அரையில ஆரம்பிக்கிறவங்க எங்க வந்து முடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா தாயி?"

ஒரே விலை

அடுத்த முறை வந்தபோது ஒரு கிலோ ஏறியிருந்தது. அரை பிளேட் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றேகால் பிளேட்டாக, பக்கத்தில் சுக்காவோடு நடந்திருக்கிறது. அவர் முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. முதலில் சொல்கிற விலை பேச்சைத் தொடங்குவதற்காகச் சொல்வது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு போகிறவனைச் சந்தையில் சிரிப்பார்கள். மரியாதைப்பட்ட மனுஷர் என்ன செய்வாரோ அதைத்தான் அவர் என் அரை பிளேட்டுக்குச் செய்திருக்கிறார்.

சரி, நாமும் சந்தைக்காரியாகிவிடுவோம் என்று எனக்குள் ஒரு புத்தி பிறந்தது. "இனிமே கால் பிளேட்" என்றேன். எப்படியும் இழுத்துக்கொண்டு வந்து அரையில் நிறுத்துவார் என்று என் கணக்கு. எனக்குத் தெரியாத ஒன்று நடந்துவிட்டது. அவர் வெளியே செருப்பு மாட்டும்போது ஜெனிபர் அவரிடம், "எங்க மேடம்கிட்ட எப்பவும் ஒரே வெலதாண்ணே, பேசுனாலும் மாறாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மனுஷர் கால் பிளேட்டைக் கால் பிளேட்டாகவே சாப்பிட்டார். மறுமுறை வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் எடை மெஷினில் ஏறி நின்றார். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கால்தான் தின்கிறார் என்றால் ஏன் இறங்கவில்லை? மெஷினை நகர்த்தி வைத்துப் பார்த்தேன், ஜெனிபரை ஏற்றிப் பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. பாக்கியம்தான் பேசினார்.

"பார்சலை நாலாப் பிரிச்சு மூணு பங்கை நானும் மகனும் திங்கிறோம்மா, இந்த மனுசன் எளைக்கிறதுக்குள்ள நான் வந்து உங்ககிட்டப் பேர் பதியணும் போலருக்கு."

தாய்மாமன் இலை

இதற்கிடையில் அவர் தங்கச்சி பூங்கொடியின் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. செல்லையா அண்ணன்தான் தாய்மாமன். பிள்ளை அவர் மடியில்தான் உட்கார வேண்டும். என்னையும் ஜெனிபரையும் அழைத்திருந்தார். "ஒரு கரண்டி சோறு, ரெண்டு துண்டு ஈரல், அப்புறம் எலும்பு ரசம், அதோட கையைக் கழுவிடணும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஒரே விலைக்காரியின் பேச்சு, மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். ஒரு கரண்டி சோறு விழுந்தது, ஈரல் விழுந்தது. அடுத்த கரண்டி வரும்போது அண்ணன் உள்ளங்கையை இலைமேல் விரித்து மறைத்தார். பரிமாறியவன் கரண்டியோடு நின்றான். முதல் பரிமாறலிலேயே தாய்மாமன் இலையை மறைத்தால், மரியாதையில் எங்கோ குறை கண்டுவிட்டார் என்று அர்த்தமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "மாலையை மொதல்ல யாருக்குப் போட்டாங்க?" என்று ஒரு குரல். "தேங்கா ஒடைக்கையிலயே நெனச்சேன்" என்று இன்னொரு குரல். பூங்கொடியின் வீட்டுக்காரர் ஓடி வந்து கும்பிட்டார்: "மச்சான், என்ன கொறை வச்சோம், வாயைத் தொறந்து சொல்லுங்க." பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூங்கொடி அழவே தொடங்கிவிட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து மொத்தப் பந்தியும் என்னைப் பார்த்தது. குடலிறக்கத்தைச் சொன்னால் சாயங்காலமே அய்யலூருக்குச் சேதி போய்விடும். அந்தப் பந்தியில் பாதிப் பேர் ஆடு வளர்க்கிறவர்கள். சொல்லாவிட்டால் அண்ணன் தங்கச்சி உறவு அங்கேயே முறிந்துவிடும்போல இருந்தது. எழுந்து நின்று, "அளவாச் சாப்பிடச் சொல்லி நான்தான் சொன்னேன்" என்றேன். ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எந்த வகையில ஒறவு தாயி?" என்று கேட்டார். அண்ணன் கையை எடுத்தார். "ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற, போடுறா" என்றார். சோறு, கறிக்குழம்பு, குடல், மறுபடியும் சோறு, எலும்பு ரசம். நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் கைவிட்டுவிட்டேன். இலையில் மிச்சமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பூங்கொடி நேராக என்னிடம் வந்தாள்.

"எங்கண்ணன் வயிறு நெறஞ்சாத்தான் எம்புள்ளைக்குக் காது குத்துன மாதிரி, நீங்க செத்த நேரம் அங்கிட்டுப் போயி உக்காருங்கக்கா."

சும்மா வாய்க்கு

அந்த வாரம் அவர் மெஷினில் ஏறும்போது நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனிபர் எண்ணைச் சொன்னதும் திரும்பினேன். ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. இறங்கச் சொல்லி, மறுபடி ஏற்றினேன். அதே எண். படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம், அந்த எண் ஒரு பக்கம் என்று நின்றது. கிடாவெட்டு விருந்தில் எடை இறங்கும் என்று இரண்டு பாஷையிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

குடைந்து குடைந்து கேட்டதில் பாக்கியம் சொன்னார்: "இந்த வாரம் மிக்சர் டப்பா தொறக்காமலே கெடக்கு." எந்த மிக்சர் டப்பா? கால் பிளேட்டோடு எழுந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு, திங்கட்கிழமையிலிருந்து அண்ணனுக்கு வாய் நமநமவென்று இருந்திருக்கிறது. டி.வி. பார்க்கும்போது ஒரு கை, பேப்பர் பார்க்கும்போது ஒரு கை. என்னிடம் ஒளிக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அது அவருக்குப் படவில்லை. விருந்தில் மனசு நிறைந்துவிட்டதால் அந்த வாரம் டப்பா பக்கம் போகவில்லை. நான் பிரியாணியை அரை, கால் என்று நறுக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம், எடை வேறொரு வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. "ஏண்ணே இதைச் சொல்லலை?" என்றேன்.

"மிக்சரெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா தாயி? அது சும்மா வாய்க்கு."

ஆட்டைப் பார்க்கிறவர்கள்

அதன் பிறகு மிக்சர் டப்பா வீட்டை விட்டுப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அரை பிளேட். இந்த முறை பேரமும் இல்லை, ஒரே விலையும் இல்லை. இலை போட்டு, பாக்கியம் எதிரில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிடும் அரை பிளேட். சில வாரம் எடை இறங்கியது. சில வாரம், அதே அரை பிளேட்டுக்கு, இறங்காமல் நின்றது. அமாவாசைக்கு வெறும் காய்கறி தின்ற வாரம் கொஞ்சம் ஏறியது. ஏன் என்று அண்ணன் கேட்பார். நானும் யோசிப்பேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு இருவரும் கேட்பதை விட்டுவிட்டோம். எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றபோது டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, "போதும், வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தையல் நின்றது.

பாரம் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னபிறகுதான் அண்ணன் சந்தைக்குப் போனார். முதலில் சின்னக் குட்டி ஒன்று. அப்புறம் ஒரு கிடா. இடுப்பைப் பிடித்துத் தூக்கி, கீழே விட்டு, எடை சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் கிடாவைப் பார்க்கவில்லை. "என்னய்யா இப்பிடி வத்திப்போயிட்ட, ஒடம்புக்கு என்ன?" என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனை நாள் ஒளிந்து கிடந்தாரோ, அதே பேச்சு, வயிறு குறைந்ததால் வந்து நின்றது. கிடாவை இன்னொரு தடவை தூக்கிக் காட்டித்தான் வாயை அடைத்திருக்கிறார். மறுநாள் என் அறைக்கு வந்தார். இன்னும் மூன்று கிலோ குறைத்தால் முட்டிக்கு நல்லது என்று நான் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுக்கு மேல கொறைஞ்சா, சந்தையில ஆட்டைப் பாக்கிறதை விட்டுட்டு என்னையப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க தாயி."

ஒருவர் எவ்வளவு குறைந்தார் என்று கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்வேன். எதனால் குறைந்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தொழில் ரகசியம் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.