துணியில் விழுந்த மூக்கு

ஜேபஸ் டக்வெல்லுக்குப் பகலில் ஒரு தொழில், பொழுது சாய்ந்தால் இன்னொன்று. கூண்டு என்னவோ ஒன்றுதான். அப்பன் செத்தபோது விட்டுப்போன கழுதையை ஓர் இத்தாலிக்காரனிடம் தள்ளிவிட்டு வாங்கிய ஆளுயரப் பொம்மலாட்டக் கூண்டு. பகலில் அதை லண்டன் தெருமுனைகளில் நிறுத்தி, உள்ளே நின்றபடி கைப்பொம்மைகளை அடித்துக்கொள்ள விடுவான். தெருவிளக்கு ஏற்றுகிறவன் ஏணியோடு வந்ததும், கூண்டின் வாய்க்கு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, பின்னால் மெழுகுவத்திகளைக் கொளுத்துவான். அட்டையில் வெட்டிய உருவங்கள் துணியில் நிழலாக நடமாடும். கேலண்டி என்பார்கள் அதை. ஏன் அந்தப் பேர் என்று கேட்டால், "வித்தவனும் சொல்லல, கழுதையும் கேக்கல" என்பான்.

அவன் அதிகம் ஆடியது செருப்புத் தைப்பவன் வீட்டுக் கதை. விலாங்குக் குழம்புச் சட்டிக்குள் பூனை தலையை விடும். பெண்டாட்டி கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடி வருவாள். பூனை நழுவிவிடும், அடி புருஷன் மண்டையில் விழும். அந்தப் பெண்டாட்டி உருவம் ஜேபஸின் பெண்டாட்டி ஹெஸ்டர்தான். சுவரில் விழுந்த அவள் நிழலைக் கரியால் சுற்றி வரைந்து வெட்டியது. சப்பை மூக்கு, முகவாயில் சின்னக் குழி, எல்லாம் அப்படியே.

ஹெஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். கரண்டி ஓங்கியதுமே சிரித்துவிடுவாள். முதலில் ஒரு விக்கல், அப்புறம் கெண்டியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு குலுங்கல்.

"அடி விழட்டும்டி, அப்புறம் சிரி," என்பான்.

"விழப்போறது தெரியுதே, அதுதான்யா சிரிப்பு," என்பாள்.

கோடை பிறந்தால் ஜேபஸ் சந்தை சந்தையாகக் கிளம்பிவிடுவான். வருகிறேன் என்று சொன்ன நாளில் ஒருதரமும் வந்ததில்லை. ஒரு குளிர்காலம் திரும்பி வந்தபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கதவை முழுசாகத் திறக்காமலே சொன்னாள்: "அவ போயாச்சு. எங்கேன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. ஆளு வந்தா, குழம்பு ஆறிப்போச்சுன்னு சொல்லச் சொன்னா."

அதற்குப் பிறகு அவன் தனி ஆள். வெளியே நின்று மேளம் தட்டவும் குழல் ஊதவும் சைலஸ் என்று ஒரு கூட்டாளி, அவ்வளவுதான். அட்டை ஹெஸ்டர் மட்டும் கூடவே இருந்தாள். முனை மடங்கினால் பசை தடவி நீவி வைப்பான்.

வருஷங்கள் போய், லண்டனின் பெர்மண்ட்ஸிப் பேட்டையில் தோல் பதனிடும் நாற்றம் அடிக்கிற ஒரு முக்கில் ஆட்டம் போட்ட சாயங்காலம் அது. நல்ல மூடுபனி. கரண்டி மேலே போனது. வெளியே ஒரு விக்கல், பின்னாலேயே கெண்டிக் கொதிப்பு.

ஜேபஸின் கை அந்தரத்தில் நின்றது.

உள்ளே இருப்பவனுக்குக் கூட்டம் தெரியாது. துணியில் வெளிச்சம்தான் தெரியும், காதுதான் கண். கூண்டின் பின்துணி முடிச்சவிழ்த்து வெளியே வருவதற்குள் அந்தப் பனியில் யார் வேண்டுமானாலும் காணாமல் போய்விடலாம். செருப்புத் தைப்பவனை மெல்ல முன்னே நகர்த்தி, கதையில் இல்லாத ஒரு பேச்சைப் பேசினான்.

"அடியே, குழம்பு ஆறிப்போச்சா?"

சைலஸ் மேளத்தை நிறுத்தினான். "ஆறினா பூனைக்கு ஊத்து," என்று எவனோ கத்தினான். சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண்குரல் வந்தது.

"அது ஆறி எத்தனையோ காலம் ஆச்சு. ஊரெல்லாம் சுத்திட்டு இப்பத்தான் பசிக்குதாக்கும்?"

கூட்டம் அதையும் ஆட்டமென்றே நினைத்துக் கைதட்டியது.

"திரும்பச் சூடு பண்ணக் கூடாதா?" என்றான் ஜேபஸ். செருப்புத் தைப்பவனின் கீச்சுக்குரல் வரவில்லை, சொந்தக் குரலே வந்துவிட்டது.

பதிலைச் சன்னமாகச் சொல்லியிருப்பாளோ என்று காதைத் துணியில் ஒட்டவைக்கப் போய், தொழிலில் முதல் நாள் வந்தவன்கூடச் செய்யாத பிழையைச் செய்தான். மெழுகுவத்திக்கும் துணிக்கும் நடுவே தலையை விட்டுவிட்டான். துணி முழுக்க அவன் மண்டை, கூஜா மூக்கு மாதிரி அவன் மூக்கு. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ஆரஞ்சுத் தோல் பறந்து வந்து துணியில் மோதியது.

வெளியே வந்தபோது கூட்டம் பாதிக்கு மேல் கலைந்திருந்தது.

"என்னய்யா கூத்து இது," என்றான் சைலஸ். "இருக்கிற அட்டையெல்லாம் போதாதுன்னா உன் தலையையும் ஆட்டுற?"

"ஒருத்தி பேசினாளே, எங்க?"

"பச்சைச் சால்வைக்காரியா? உன் மண்டை விழுந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க, அவ மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. அப்புறம், 'மூக்கு மட்டும் அப்படியே இருக்கு'ன்னா. போயிட்டா."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பனியில பக்கம் எங்கய்யா இருக்கு."

அன்றிலிருந்து ஜேபஸ் சந்தைக்குப் போவதில்லை. கோடையிலும் பெர்மண்ட்ஸி முக்குதான். வசூல் இல்லை என்று சைலஸ் முனகுவான், ஆனாலும் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். ஆட்டம் தொடங்குமுன் ஜேபஸ் வெளிச்சத்துக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி, தன் மூக்கை நன்றாகத் துணியில் விழவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான். பிள்ளைகள் அதற்கென்றே வருகிறார்கள்.

பிறகு சட்டி, பூனை, ஹெஸ்டர். கரண்டி மேலே போகும். ஜேபஸ் அதை இறக்கமாட்டான். ஒரு மூச்சு நேரம், சில நாள் இரண்டு மூச்சு, வெளியே ஒரு விக்கல் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான்.

அப்புறம் அடி விழும். அதற்குப் பிறகுதான், எல்லோரும் சரியான நேரத்தில் சிரிப்பார்கள்.