முகட்டில் தேங்கிய சூடு

ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் தயாளனுடைய கிரீன்ஹவுஸுக்குள் நான் நுழைந்தது உச்சி வெயில் நேரம். மூக்கு எரிந்தது. ராக்மெலன் முலாம்பழக் கொடிகள் துவண்டு தொங்கின. காலைதோறும் கையால் மகரந்தம் தொட்டு வைத்த பூக்களெல்லாம் பிஞ்சாகாமல் தரையில் கிடந்தன. மனிதன் நிற்க முடியாத இடத்தில் கொடி எப்படிக் காய்க்கும்?

கிரீன்ஹவுஸ் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் கடைசிவரை என் பிழைப்பு. ஜொகூரில் நான் பார்த்த பாதிப் பேர் ஒரே முட்டாள்தனத்தைத்தான் செய்தார்கள். மழைக்கும் பூச்சிக்கும் பயந்து எல்லாப் பக்கமும் மூடுவார்கள். பிறகு சூடு என்று அழுவார்கள்.

தயாளன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டியவர். சேமிப்பு முழுவதையும் இதில் போட்டிருந்தார். முதல் போகம் பாழ். இதுவும் போனால் மறுபடி அங்கேதான். அவர் மனைவி கமலா மறைக்காமல் சொன்னார்.

"அண்ணே, இந்தத் தடவையும் உதிர்ந்துச்சுன்னா இவரு பழையபடி கிளம்பிருவாரு. பிள்ளைங்க அப்பாவ போன்ல பார்த்தே வளர்ந்துட்டாங்க. ஏதாச்சும் செய்ங்க."

தயாளன் வேறு யோசனையில் இருந்தார். "கடைக்காரரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ரெண்டு போடச் சொல்றாருண்ணே. லோன் எடுக்கலாம்னு இருக்கேன்."

"ஃபேன் விக்கிறவன் வேற என்ன சொல்வான் லா? மொதல்ல காத்து எங்க நிக்குதுன்னு பார்ப்போம். ஊதுபத்தி இருக்கா?"

கமலா தயங்கினார். "சாமிக்கு வாங்கினதுண்ணே."

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு. கொடுங்க."

கொத்தாகக் கொளுத்திப் பக்கவாட்டு வலைக்கு அருகில் பிடித்தேன். வெளியே செம்பனை ஓலை ஆடுகிறது. உள்ளே புகை ஒரு பக்கமும் சாயவில்லை. நேராக மேலே போய் முகட்டுக்கு அடியில் மேகம் மாதிரி நின்றுவிட்டது. வலையை விரலால் தேய்த்தேன். செம்மண். பக்கத்துப் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகள் கிளப்பும் தூசி, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, கண்ணியெல்லாம் அடைத்திருந்தது.

"இது வலையா? சுவரு. உள்ள வர காத்தே இல்லாம உங்க ஃபேன் எதை இழுக்கும்?"

தயாளன் குழாயை இழுத்து வந்தார். தண்ணீர் பம்பை வைத்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக வலையைக் கழுவினோம். ஓடிய தண்ணீர் தேத்தாரே பால் தேநீர் நிறத்தில் இருந்தது. மறுபடி ஊதுபத்தி. இப்போது கீழே புகை சாய்ந்தது. மேலே போனது மட்டும் அங்கேயே நின்றது. முகட்டைத் திறக்காமல் வேலை முடியாது.

நான் கத்தியோடு ஏணியில் ஏறியதும் தயாளன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அலமாக், கூரையக் கிழிக்கிறதா? இங்க சாயங்காலமானா மழைண்ணே."

"ஏணிய ஆட்டாதய்யா. நான் விழுந்தா அதுக்குத் தனி லோன் எடுக்கணும்."

கமலா சிரித்துவிட்டார். தயாளனின் பிடி தளர்ந்தது.

முகட்டுப் பிளாஸ்டிக்கை நீளவாட்டில் அறுத்துத் திறந்தேன். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய பைப்புகளை வளைத்து, அந்தத் திறப்புக்கு மேலே உயர்த்தி ஒரு குட்டிக் கூரை கட்டினோம். மிச்சம் கிடந்த பிளாஸ்டிக்கே அதற்குப் போதும். இரண்டு கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பூச்சி வலை. கமலாவே அளந்து வெட்டிக் கொடுத்தார். புதிதாக வாங்கியது அந்த வலையும் கிளிப்புகளும் மட்டும்தான்.

கடைசிக் கிளிப்பை மாட்டி இறங்கினேன். வானம் இருட்டிவிட்டது. பேய் மழை. மூவரும் உள்ளே அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். அவ்வளவு நேரம் கத்திய நானும் முகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காற்று திரும்பி அடித்தபோது நடைபாதையில் சில துளிகள் விழுந்தன. கொடி நனையவில்லை. தயாளன் தானாகவே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். புகை ஏறியது, வலையைத் தாண்டியது, வெளியே போயே போய்விட்டது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்துப் பூத்தவை தங்கின. கமலாதான் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு நிக்குது. இவரு சிங்கப்பூர் ஏஜண்டுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிட்டாரு."

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அன்று நான் யாரையும் திட்டவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சூடு மேலேதான் போகும், அதற்கு வேறு வழி தெரியாது. மேலே திறந்து விடுங்கள். கீழே வலையைக் கழுவி விடுங்கள். அதற்குப் பிறகும் வெந்தால் மெஷின் வாங்குங்கள்.