டிரைவர் குளிக்க மறுத்த காரணம்

தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மாவால் சொந்தப் புருஷனைக் குளிக்க வைக்க முடியவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மறதி நோய் வந்ததிலிருந்து குளியலறைக் கதவைக் கண்டாலே ஒரே ரகளை. அக்குளில் தோல் புண்ணாகிவிட்டது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள குளிப்பாட்ட முடியலன்னா அப்பாவ முதியோர் ஹோம்ல விட்டுடலாம்மா. உன் உடம்பையும் பாக்கணும்ல," என்று மகன் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை, சொல்லும்போது அவனுக்கும் குரல் கம்மியது. அவளுக்கோ அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தப்பு அவள் மேல்தான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய உரிமையில், ஒரு வார்த்தை கேட்காமல் பின்னாலிருந்து சட்டையை உருவுவாள். ஷவரைத் தலைக்கு மேல் திறந்துவிடுவாள். அவர் கத்துவார். "நான் உங்க பொண்டாட்டிதாங்க!" என்று இவளும் கத்துவாள். இரண்டு பேரும் நனைந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை அவர் சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "வேணாம்மா. என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா."

அவள் கையை எடுத்துவிட்டாள். மனிதர் பிடிவாதமா பிடித்தார்? யாரோ ஒரு பெண்ணிடமிருந்து மானத்தைக் காத்துக்கொண்டிருந்தார்.

கடைக்கு வரும் ஆண்களுக்கு அளவெடுக்கும்போது முதலில் சொல்வாள், பிறகுதான் தொடுவாள். ஒருவரும் கூசியதில்லை. கட்டினவருக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாதாக்கும்! அவள் மெஷினில் உட்கார்ந்து இரண்டு பெரிய துண்டுகளைத் தோளில் பொத்தான் வைத்து இணைத்தாள். குளியலறையில் நாற்காலி போட்டு, வெந்நீர் வாளியை வைத்துக் கதவைச் சாத்தி, அறையைச் சூடாக்கினாள்.

"டிரைவர் சார், உங்க வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். இதப் போத்திக்கிட்டு, உள்ள சட்டைய நீங்களே கழட்டிக்கலாம்."

அவர் யோசித்தார். "கேட்டீங்களா? அப்ப சரி."

"கால்ல தண்ணி ஊத்தறேங்க."

பாதத்தில் ஒரு குவளை. பிறகு முழங்கால். "முதுகு தேய்க்கறேங்க." "கையக் கொஞ்சம் தூக்குங்க." சோப்புத் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மற்றதைத் துண்டுக்குள் அவரே கழுவிக்கொண்டார். துவட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, மகனுக்கு ஃபோன் செய்தாள். "குளிச்சாச்சுடா. அவர் எங்கயும் போகல."

தலைவாரி உட்கார்ந்திருந்த டிரைவர் அவளை அருகே கூப்பிட்டார்.

"நீங்க மரியாதையாத்தான் நடந்துக்கிட்டீங்க. அத என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க. பாவம், கவலப்பட்டுட்டு இருப்பா."

"சொல்லிடறேங்க," என்றாள் அவர் வீட்டுக்காரி.