மேப்பு ஷர்ஷென்

சாவியைத் திருகியதும் ஷர்ஷென் இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே விரித்துக்கொண்டு காத்திருக்கிறார். டேஷ்போர்டின் நடுவில் பதித்த சின்னத் திரை கண் விழிக்கிறது. ஒரு ஜப்பானியப் பெண் கனிவான குரலில் இரண்டு வரி சொல்கிறாள். அவள் சொல்லி முடித்ததும் பிரார்த்தனையை முடிக்கிறவர்போல "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டு கியரைப் போடுகிறார். பின்சீட்டில் சவாரி இருந்தால் அவர்களும் தடவிக்கொள்வார்கள். கிளம்பும் நேரத்தில் ஒருத்தி ஆசி சொல்லும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, என்ன?

கார் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த பழைய கார். ஸ்டியரிங் வலது பக்கம். கூடவே வந்த வழிகாட்டித் திரைக்கு ஜப்பானைத் தவிர வேறு நாடு தெரியாது. ஆகவே அது ஒன்பது வருஷமாக நீலக் கடலைக் காட்டி, நடுவில் ஒரு சிவப்பு அம்பாக இந்தக் காரையும் காட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் ஒருநாள் சவாரி வந்தாள். "அண்ணே, அவ ஆசியெல்லாம் சொல்லல. சுங்கச்சாவடி கார்டு சொருகலன்னு சொல்றா" என்று விளக்கினாள். ஷர்ஷென் ஒரு சிக்னல் தூரம் யோசித்தார். "கார்டே இல்லாம ஒன்பது வருஷம் கூட வந்திருக்கா பாரும்மா. நல்ல மனசுக்காரி" என்றார். மறுநாளும் கையை விரித்தார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் தலைநகர் பிஷ்கெக்குக்கும் தெற்கே இருக்கும் ஓஷுக்கும் இடையே மலைப்பாதையில் ஆள் ஏற்றினார். அறுநூறு சொச்சம் கிலோமீட்டர், இரண்டு கணவாய். எந்த வளைவில் மே மாதம்வரை பனி உறைந்து கிடக்கும், எங்கே கல் உருளும், சூசமிர் சமவெளியில் எந்தக் கூடாரத்துக்காரி குதிரைப்பாலைச் சரியாகப் புளிக்கவிடாமல் விற்பாள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்ட டிரைவர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அவர் பாதை நடுவில், தொக்தொகுலில் தன் வீட்டில் உட்கார்ந்து சூப் குடித்தபடியே, எந்தப் பாறைக்கு அப்புறம் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். 'மேப்பு ஷர்ஷென்' என்று அவர்கள் வைத்த பேர் நிலைத்துவிட்டது. அந்தப் பேரில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷம் டாக்டர் அவருடைய நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, இனி மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணவாய் இரண்டுமே மூவாயிரத்துக்கு மேலே. ஷர்ஷென் பேரம் பேசிப் பார்த்தார். உச்சியைத் தாண்டும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னார். அதுதான் கூடவே கூடாது என்றார் டாக்டர். மனைவி சைராவும் அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிஷ்கெக்கின் ஓரத்தில், அவளுடைய தம்பி வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஷர்ஷென் காரின் கூரையில் டாக்ஸி விளக்கை மாட்டினார்.

இங்கேதான் வந்தது வினை. மலையில் ஒரே ஒரு ரோடு. அதற்கு ஒரே ஒரு பேர். இந்த ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் சோவியத் காலத்துப் பேர் ஒன்று, பிறகு மாற்றிவைத்த பேர் ஒன்று. பலகையில் இருப்பது புதுப் பேர், ஜனங்களின் வாயில் இருப்பது பழைய பேர். டாக்ஸி கம்பெனியில் போனெடுக்கும் லியூபா புதுப் பேரைச் சொல்லி அனுப்புவாள். ஏறிய கிழவர் பழைய பேரைச் சொல்லிப் போகச்சொல்வார். உள்ளூர்க்காரர்கள் இரண்டையும் கலந்துகட்டிச் சமாளித்துவிடுவார்கள். ஷர்ஷெனுக்கு இரண்டுமே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, மலைப்பக்கம் என்னை மேப்பு என்பார்கள் என்று அவரே வேறு சொல்லித் தொலைத்திருந்தார்.

கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு அம்மாளை ஒரே சிலையை மூன்று முறை பார்க்கவைத்தார். முதல் புகார். ஒரு வக்கீலைக் கோர்ட்டுக்குப் பதிலாகச் சர்க்கஸ் வாசலில் இறக்கினார். இரண்டாவது. மூன்றாவது வந்தால் கூரை விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிடவேண்டும் என்றாள் லியூபா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கார் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

கார் சந்தையில் ஜெலீல் என்ற உய்குர்க்காரர் திரைகளைப் பழுதுபார்க்கிறார். ஷர்ஷென் அவர் கடையை மூன்று வாரம் சுற்றிச்சுற்றி வந்தார், ஏதோ வைப்பர் வாங்க வந்தவர் மாதிரி. கடைசியில் கேட்டே விட்டார். டேஷ்போர்டில் இருக்கும் திரைக்கே நம் ஊர் வரைபடத்தை ஏற்றலாம் என்றார் ஜெலீல். ஆனால் டேஷ்போர்டைப் பிரிக்கவேண்டும், காரை நாலு நாள் விடவேண்டும், ரேடியோ போனாலும் போகும். இல்லாவிட்டால் சோப்பு டப்பா அளவில் தனி நேவிகேட்டர் ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இன்றைக்கே ஓட்டிப் போகலாம், விலையும் பாதிதான்.

ஷர்ஷென் தாடையைச் சொறிந்தார். "உள்ளயே ஏத்திட்டா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"பேசுவாளே."

"அவ போயிடுவாண்ணே. வேற ஒருத்தி வருவா. ரஷ்யன் பேசுவா, வழியும் சொல்லுவா."

வீட்டுக்குப் போய் இதைச் சைராவிடம் சொன்னபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நாலு நாள் வண்டி ஓடாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அந்தச் சோப்பு டப்பாவை வாங்குங்கள் என்றாள். அவள் சொல்வது நியாயம்தான் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "டேஷ்போர்டுல இருக்குறது சொந்தப் பல்லு மாதிரி. கண்ணாடியில ஒட்டுறது பல்செட்டு. சிரிச்சா ஊரே பாக்கும்" என்றார். ஊர் என்று அவர் சொன்னது பஜார் ஸ்டாண்டில் வந்து நிற்கும் மலைப்பாதை டிரைவர்களை. மேப்பு ஷர்ஷெனின் கண்ணாடியில் மேப்பு ஒட்டியிருப்பதை அவர்கள் பார்த்துவிட்டால், அவர்கள் அடுத்த கணவாயைத் தாண்டுமுன் அந்தக் கதை ஓஷ் போய்ச் சேர்ந்துவிடும். சைரா மாவை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, பல் இல்லாதவனுக்குக் கறி எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

நேவிகேட்டர் பெட்டி வாங்கப்பட்டது. ஒட்டப்படவில்லை. சவாரி ஏறுமுன் ஷர்ஷென் விலாசத்தை அதில் அழுத்தி, டேஷ்போர்டு அறைக்குள் கையுறைகளுக்கு அடியில் வைத்து மூடிவிடுவார். இடது பக்கம் உட்காருகிறவர்களின் முழங்காலுக்கு நேரே உள்ளிருந்து, போர்வைக்குள் படுத்துப் பேசுகிறவள்போல, ஒரு ரஷ்யக் குரல் வலது, இடது என்று முனகும். யாராவது குனிந்து பார்த்தால் ரேடியோ என்பார். மூடியிருந்ததால் வலதா இடதா என்று சில சமயம் காதில் சரியாக விழாது. அப்போது இருமிக்கொண்டே நேராகப் போய்விடுவார். அப்படியும் ஐந்து வாரம் புகார் வரவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் காலை பத்தரைக்குக் கல்நஜார் போன் செய்தார். தொக்தொகுல்காரர், ஷர்ஷெனோடு அதே மலைப்பாதையில் பதினெட்டு வருஷம் ஓட்டியவர், இன்றைக்கும் ஓட்டுகிறவர். அவர் மனைவி அல்மாகுலுக்கு பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு வயிற்றில் ஆபரேஷன். சொந்தத்தில் ஒருவர் ரத்தம் கொடுத்து, அதற்கான சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் உள்ளே அழைத்துப்போவோம் என்று சொல்லிவிட்டார்கள். மகன்கள் இருவரும் மாஸ்கோவில். கொடுப்பதற்குக் கல்நஜார் ஒருவர்தான் இருந்தார். ரத்தம் எடுக்கும் இடம் ஊருக்குள் வேறு தெருவில், அதைப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

மலையடிவாரத்தை ஒட்டிய ஆஸ்பத்திரிக்குப் பெட்டி வழி சொல்ல, ஷர்ஷென் போய்ச் சேர்ந்தார். வாசலில் கல்நஜார் வெள்ளைக் கம்பளிக் குல்லாவும் கல்யாணக் கோட்டுமாக நின்றிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஒரு பழைய தெருப் பேரைச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி சொன்னதாம். "நல்லவேளை மாப்ளே, நீ இருக்க. வேற எவன் வண்டியிலயாவது ஏறியிருந்தா என்னைச் சுத்தல்ல விட்டிருப்பான்" என்றார்.

ஷர்ஷென் கிளம்பிவிட்டார். எந்தப் பக்கம் என்று கேட்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவில்லை. வடக்கே போனார், சந்தை வந்தது. கிழக்கே திரும்பினார், ரயில் பாதை வந்தது. அறைக்குள் இருந்த பெட்டிக்கு ஆஸ்பத்திரி விலாசம்தான் தெரியும். வண்டி ஏதோ தவறிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, முடிந்த இடத்தில் திருப்புங்கள், முடிந்த இடத்தில் திருப்புங்கள் என்று அது விடாமல் முனகியது.

"உள்ள யாரு?" என்றார் கல்நஜார்.

"ரேடியோ."

கல்நஜார் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "ரேடியோ நம்மளத் திரும்பிப் போகச் சொல்லுதே."

ஷர்ஷென் அடுத்த தெருவில் திரும்பினார். மணி பதினொன்று இருபது. கல்நஜார் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை. கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைதான் ஷர்ஷெனைக் கொன்றது. பள்ளிக்கூடம் ஒன்றின் மதில் இரண்டாவது முறையாக வந்தபோது வண்டியை ஓரங்கட்டினார். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்கு வழி தெரியலடா" என்றார். "இந்த ஊர்ல எனக்கு ஒரு தெருவும் தெரியாது."

கல்நஜாரின் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி அறையைத் திறந்தார். கையுறைகளைத் தள்ளிவிட்டுப் பெட்டியை எடுத்தார். அதன் பின்னால் இருந்த ரப்பர்க் குழியை நாக்கால் நனைத்து, கண்ணாடியின் நட்டநடுவில், ரோட்டில் போகிறவனெல்லாம் பார்க்கிற இடத்தில், ஒரு குத்துக் குத்தி ஒட்டினார். கல்நஜார் சொன்ன தெருவை அழுத்தினால் அப்படி ஒன்று இல்லை என்றது. அதற்குத் தெரிந்ததெல்லாம் புதுப் பேர். அடுத்தபடியாக, உலகத்தில் எவளிடம் கேட்கக்கூடாது என்று இத்தனை நாள் இருந்தாரோ அவளுக்கே போன் செய்தார்.

விஷயத்தைக் கேட்ட லியூபா புதுப் பேரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "இதைக் கேக்கவா நாலு மாசம் ஆச்சு?" என்றும் கேட்டாள். புகார்ப் புத்தகத்தில் எதையும் எழுதவில்லை.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கல்நஜார் உள்ளே ஓடினார். ஷர்ஷென் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷப் பேர் இன்றோடு போயிற்று. நாளைக்கு ஸ்டாண்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அல்மாகுல் பிழைத்தால் போதும். திரும்பி வந்த கல்நஜாரின் வலது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கையை மடக்கியே வைத்திருக்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். சீட்டு கோட்டின் உள்பையில் இருந்தது. வண்டியில் ஏறிக்கொண்டார். ஷர்ஷென் ஆஸ்பத்திரி விலாசத்தை அழுத்தினார்.

அன்று சீட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அல்மாகுல் இப்போது ஒரு சட்டி சூப்பைத் தனியாளாகத் தூக்கி இறக்குகிறாள் என்பதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் அது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு தெற்கே, மலையைப் பார்த்து ஏறுகிறது. பகல் ஒரு மணி வெயில் முன்கண்ணாடியில் நேராக விழுந்தது. பெட்டியின் திரையில் ரோடும் தெரியவில்லை, அம்பும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. ஏதோ லாரி ஹாரனில் குரலும் அமுங்கிப்போயிற்று. ஷர்ஷென் கண்ணை இடுக்கினார், தலையைச் சாய்த்தார், வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

கல்நஜார் ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த வெள்ளைக் குல்லாவைக் கழற்றினார். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அதைக் கழற்றாத மனிதர். மடக்கி வைத்திருந்த வலது கையை நீட்டி, குல்லாவைப் பெட்டிக்கு மேலே கூரையாகப் பிடித்தார். திரையில் ரோடு தெரிந்தது. பஞ்சில் சிவப்பு கசிந்து பரவியது. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை அவர் கையை இறக்கவில்லை.