சந்தைக்குப் போனவர்

மழையில் நனைந்த, பன்புல்லில் இழைத்த பன்பையின் மணம் இன்று ஒரு கடை வாசலில் என்னை நிறுத்திவிட்டது. யுத்தகாலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில், எங்கள் அம்மம்மாவின் மணம் அதுதான். விடிந்தும் விடியாததுமாகக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியிலிருந்து அந்தப் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். மீன்காரரோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, கீரையும் பாரைமீனுமாகத் திரும்பி, பையை உதறி ஆணியில் கொழுவிவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு பொலிஸுக்கு நடப்பார். வீட்டிலிருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை அங்கே பதியவேண்டும். வந்தவரைச் சேர்ப்பிப்பதும் போனவரை வெட்டுவிப்பதும் அம்மம்மாவின் வேலை.

அதனால், காய்ச்சலில் அவர் இறந்தபோது அவருடைய பெயரை வெட்டுவிக்க எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுவாரம், ஒரு காலையில் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடைசியாக அம்மம்மாவின் பெயர். பட்டியலில் பிழை இருந்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது ஒன்பது வயதான எனக்கும் தெரியும்.

“அவ சந்தைக்குப் போட்டா” என்று, அம்மம்மா பழக்கிய சிங்களத்தில் சொன்னேன்.

அவர் பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டுப் போனார். கதவைச் சாத்தினால், ஆணியில் பன்பை ஒரு மாதமாக நனையாமல் காய்ந்து தொங்கியது.

“நாளைக்குப் போய்ப் பேரை வெட்டுவிக்கவேணும் பிள்ளை” என்றார் அம்மா.

அந்த வீட்டை விட்டுப் போகும்வரை ஒருவரும் போகவில்லை.