நான் நேர்ந்துகொண்ட மண் கால்

என் வீட்டுக்காரரின் முழங்கால் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அன்று ஆட்டம் பார்த்த அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் காய்ந்த மூங்கில் என்றார். இன்னொருத்தர் வெடி என்றார். ஒருத்தர்கூட, இனிமேல் நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை.

அது 1954, தைப் பொங்கல். புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்து நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. சடுகுடு என்றால் எங்கள் பக்கம் அவர்தான். குடுமியான்மலையில் ஆட்டம் என்றாலும், பொன்னமராவதியில் ஆட்டம் என்றாலும் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போவார்கள். மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு அவர் எதிராளி கட்டத்துக்குள் நுழைந்தால், கோட்டுக்குத் திரும்பும் வரை அந்த மூச்சு அறுந்ததே கிடையாது. அவர் தன் அணிக்கு ஆட வேண்டும் என்பதற்காகவே ஒரு அரிசி மில் முதலாளி அவருக்கு வேலை கொடுத்திருந்தார். மூட்டையைக்கூடத் தொடவிடமாட்டார்.

கால் போனதும் அந்த முதலாளி வந்தார். "நல்லா ஆனதும் வாங்க தம்பி, வேலை ஒங்களுக்குத்தான்" என்றார். அடுத்த ஆட்டத்துக்குள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கால் வளைந்தே நின்றது. "இன்னொரு தடவை இதே கால் முறுக்கினால் காலையே எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சு இல்லை. சோறு வைத்தால் பாதி தின்பார். சில நேரம் உதடு மட்டும் அசையும். மூச்சுப் பிடித்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் மட்டும் வாய் திறந்து, "ஆட்டம் இல்லேன்னா நான் யாருடி?" என்று கேட்டார். களை எடுக்கப் போய்விட்டேன். வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்கு மண் உரு செய்வதும் பூசை வைப்பதும் வேளார்தான். கை நோவுக்கு மண் கை, கண் நோவுக்கு மண் கண் என்று நேர்ந்துகொண்டு, குணமானதும் செலுத்துவது எங்கள் வழக்கம். நானும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். "கால் பழையபடி ஆகி அவர் ஆட வேண்டும், மண் கால் வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

"யாரு பேருக்கு ஆத்தா?" என்று வேளார் கேட்டார்.

நான் தலையைக் குனிந்தேன். எங்கள் பக்கம் பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆயுசு குறையுமாம். மாமியார்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். கும்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். சண்டை போட்டேன். "அத்தாம் பெரிய குதிரை மேல ஒக்காந்து என்னத்தைப் பாத்துக்கிட்டு இருக்க? ஒரு காலு ஒனக்குப் பெரிசா?" என்று சத்தம் போட்டுக் கேட்டேன். வருஷம் ஓடியது. கால் வளைந்தது வளைந்தபடியே இருந்தது.

மறு பொங்கலும் வந்தது. நான் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் தலைமுடி அவிழ ஓடி வந்தார். "ஏத்தா, அவன் முட்டியில துணியைச் சுத்திக்கிட்டு பொட்டலுக்குப் போயிட்டான்! ஆடப் போறானாம்! எஞ் சொல்லக் கேக்க மாட்டேங்குறான்!"

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன். பொட்டலைச் சுற்றி ஊரே நின்றது. நொண்டிக்கொண்டே அவர் பாடிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். எதிரணியில் சின்னையா என்ற பையன், கணுக்காலைப் பிடித்து முறுக்குவதில் பேர்போனவன், குனிந்து தயாராக இருந்தான். பிடித்தால் தீர்ந்தது.

நான் ஒரு வருஷம் கேட்ட வேண்டுதலை அந்த இடத்தில் மாற்றினேன். "அய்யனாரே, காலு வேணாம். ஆளைக் குடு." இவ்வளவுதான் நினைத்தேன். அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"ஏய் கருப்பையா! திரும்புடா!"

அவர் திகைத்து நின்றார். எந்த ஊரிலும் அறுபடாத மூச்சு அங்கே அறுந்தது. மூச்சு விட்டால் அவுட். சின்னையா காலைப் பிடிக்கப்போன கையை எடுத்துக்கொண்டான்.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "ஒம்பது ஊரு ஆளுங்க புடிக்க முடியாதவனை பொண்டாட்டி பேரு சொல்லியே அவுட்டாக்கிட்டாடா!"

ஊரே சிரித்தது. நான் செத்துவிடலாம் என்று நின்றேன். அப்போது அவரும் சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அழுதுவிட்டேன்.

கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தார். ஆட்டம் நடந்தது. கொஞ்ச நேரத்தில் தகராறு. ஒருவன் நடுவில் மூச்சு விட்டானா இல்லையா என்று இரண்டு பக்கமும் கைகலப்புக்குப் போனார்கள். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "விட்டான். திரும்புறப்ப விட்டான்" என்றார். மூச்சு விட்டது இவர் அணி ஆள். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சின்னையா வந்து கையைப் பிடித்து எழுப்பினான். "அண்ணே, இனிமே நடுவுல நீங்க நில்லுங்க. அண்ணி கத்துனாத்தான் ஒங்களுக்கு மூச்சு போகும், நாங்க கத்துனா போகாது."

அப்படித்தான் அவர் நடுவர் ஆனார். மறுபடி வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் நடுவர் வேலை வருஷம் பூராவும் சோறு போடாது. திருவரங்குளத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பழகச் சொன்னேன். உட்கார்ந்து செய்யும் வேலை. "என்னைவிடச் சின்னப் பையன்கிட்ட நான் போயி பஞ்சர் ஒட்டவா?" என்றார். "ஊரு நடுவுல ஒங்க பேரைக் கத்தினவ நான். எனக்கே வெக்கமில்ல. ஒங்களுக்கு என்ன?" என்றேன். போனார். இன்று சொந்தக் கடை.

ஆட்டம் பழக அவரிடம் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் ஓடச் சொல்லமாட்டார். "நாளைக்கு முட்டி போச்சுன்னா என்னடா செய்வ?" என்று கேட்பார். முழிக்கிறவனிடம், "போயி ஒரு தொழிலு கத்துக்கிட்டு வா, பெறகு கோட்டைத் தொடு" என்பார். முதலில் சிரித்தார்கள். சின்னையாவும் சிரித்தான். ஆனாலும் இவர் நச்சரிப்புத் தாங்காமல் தச்சு வேலை கற்றுக்கொண்டான். பிறகு அவனுக்குத் தோள்பட்டை விலகி ஆட்டம் நின்றபோது எங்கள் வீட்டில் வந்து அழுதான். அழட்டும் என்று விட்டார். "அழுது முடிச்சாச்சா? ஆட்டம்தானேடா போச்சு, நீ இருக்கேல்ல? கடைக்கு ஒரு பெஞ்சு வேணும், செஞ்சு குடு" என்றார். அவன் சுவரில் சாய்ந்து உட்காரவே இல்லை.

நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. "நேந்த காலைச் செலுத்துடி, தெய்வக் குத்தம்" என்றார் மாமியார். "காலுதான் வரலையே, எதுக்குக் காலு?" என்றேன். வேளாரிடம் முழு ஆளாகச் செய்யச் சொன்னேன். ஒரு கால் மட்டும் வளைந்திருக்க வேண்டும் என்றேன்.

"உருவைக் குறையாச் செய்யக் கூடாது ஆத்தா."

"குறையில்ல. அய்யனாரு குடுத்தது இப்படித்தான் இருக்கு. குடுத்தபடியே கொண்டாந்து காட்டுறேன்."

வேளார் யோசித்துவிட்டுச் செய்து கொடுத்தார். பூசையன்று, "யாரு பேருக்கு?" என்று கேட்டார். மாமியார் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"கருப்பையா."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "மெதுவாச் சொல்லு. இன்னொரு தடவை மூச்சு விட்டுறப் போறேன்" என்றார்.

அவருக்கு ஆயுசு ஒன்றும் குறையவில்லை. இதை எழுதும்போது வாசலில் ஒரு சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டது கிடைக்காமல் கோபத்தில் இருக்கிறவர்களே, எங்கள் அய்யனார் கோயிலுக்கு வாருங்கள். குதிரைகளுக்கு நடுவே கால் வளைந்த மண் ஆள் ஒருத்தர் நிற்பார். பாருங்கள். மனசில் உள்ளதைச் சத்தம் போட்டே கேளுங்கள். நான் ஒரு வருஷம் திட்டினேன். அய்யனார் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கேட்டதைவிடப் பெரியதைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.